கிட்டார் பைண்டிங்கை மட்டமாக்கித் தேய்ப்பது: மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பைண்டிங், அதாவது கிட்டார் உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டும் மெல்லிய பட்டி, ஒட்டிக் காய்ந்த பிறகு அந்த விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு சிறு படி தட்டுப்படும். மேற்பலகையை விடவும் பக்கப் பலகையை விடவும் பைண்டிங் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை வெளியே நிற்கும். அப்படித்தான் நிற்கவும் வேண்டும். அந்தப் படியை எடுத்து மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலை.

புதியவர்கள் ஒட்டிய கையோடு சாண்ட் பேப்பரை எடுத்துவிடுகிறார்கள். மேற்பலகை கெடுவது அங்கேதான். மேற்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மிருதுவான மரம். அதன் ஓரத்தில் ஒட்டியிருப்பதோ முதிரை, ரோஸ்வுட், கருங்காலி போன்ற கடின மரம், அல்லது பிளாஸ்டிக். சாண்ட் பேப்பர் இரண்டின் மீதும் ஓடும்போது மிருதுவானதைத்தான் வேகமாகத் தின்னும். பைண்டிங் மட்டத்துக்கு வருவதற்குள் அதை ஒட்டிய ஸ்புரூஸில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். வெறும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மினுக்கம் ஏறிய பிறகு டியூப் லைட்டின் பிம்பம் ஓரத்துக்கு வந்ததும் நெளியும். அந்தக் கட்டத்தில் திருத்த வழியில்லை.

ஆகவே மட்டமாக்குவது ஸ்கிரேப்பரின், அதாவது சுரண்டும் எஃகுத் தகட்டின், வேலை. ஸ்கிரேப்பர் விட்ட கோடுகளை எடுப்பது மட்டும் சாண்ட் பேப்பரின் வேலை. கீழே சொல்லியிருப்பது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஈரப்பதம்

வெள்ளை மரப்பசையில் தண்ணீர் இருக்கிறது. பைண்டிங் ஒட்டும்போது அந்தத் தண்ணீரைக் குடித்து மரம் ஒட்டுக்கோட்டின் இரு பக்கமும் லேசாக ஊதும். ஊதியிருக்கும்போதே மட்டமாக்கினால், பிறகு காய்ந்து சுருங்கி அந்தக் கோடு வாய்க்கால் மாதிரி உள்வாங்கிவிடும். பசை போத்தலில் 24 மணித்தியாலம் என்று போட்டிருப்பது ஒட்டின் பலத்துக்கான கணக்கு. மரம் பழைய அளவுக்குத் திரும்ப அதைவிட அதிக நேரம் வேண்டும். காய்ந்த காலத்தில் மூன்று நாள் விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு கிழமை விட்டாலும் தவறில்லை.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழை விட்டாலும் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும். அதே ஜூலை, ஓகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக்கொடுக்கும் அந்தக் காற்று மரத்தையும் வற்றவைக்கும். ஈரமான அறையில் மட்டமாக்கிய கிட்டார் பண்டாரவளைக்குப் போனால் மரம் சுருங்கும், பிளாஸ்டிக் பைண்டிங் சுருங்காது. ஒரு மாதத்தில் ஓரம் முழுக்க நகத்தில் தட்டுப்படும் மேடு எழும்பிவிடும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். கிட்டார் நிற்கும் அளவுக்கு ஒரு பழைய அலுமாரியை எடுத்து, அடியில் பழைய ரகக் குண்டு பல்பு ஒன்றை, 40 வாட் போதும், கம்பி வலைக் கூடு போட்டு எரிய விடுங்கள். எல்.ஈ.டி. பல்பு சூடு தராது, உதவாது. உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 வீதத்துக்குள் நிற்க வேண்டும். 40க்குக் கீழே போனால் மேற்பலகை வெடிக்கும் ஆபத்து இருக்கிறது, அலுமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பைண்டிங் செலுலாய்டு என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் பல்பு வைத்த அலுமாரிக்குள் கொண்டுபோகவே கூடாது. செலுலாய்டு மிக எளிதில் தீப்பற்றும் பொருள். அதை வேறு அறையில் காயவிடுங்கள்.

வேண்டியவை

ஸ்கிரேப்பர் என்பது 0.6 முதல் 0.8 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகடு, அவ்வளவுதான். பழைய கைவாளின் அலகிலிருந்து 75க்கு 50 மி.மீ. துண்டு வெட்டினால் நல்ல ஸ்கிரேப்பர் கிடைக்கும். வெட்டும்போது எஃகு நீலநிறம் அடையும் அளவுக்குச் சூடாக விடாதீர்கள், பதம் போய்விடும். கூடவே: நுண்மையான அரம், எண்ணெய்க்கல், ஸ்கிரேப்பர் விளிம்பை மடிக்க வழுவழுப்பான கடின எஃகுத் தண்டு (துளையிடும் பிட்டின் வழுவழுப்பான பின்பக்கம் சரியாக இருக்கும்), 18 மி.மீ. அகல மாஸ்கிங் டேப், 150, 180, 220, 320, 400 நம்பர் தாள்கள். தேய்ப்புக் கட்டை 70க்கு 40 மி.மீ. அளவில், அடியில் 3 மி.மீ. கோர்க் ஒட்டியது. இடுப்பு வளைவுக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு. அரக்குச் செதில் (ஷெலாக்), மெதைலேட்டட் ஸ்பிரிட், ஒரு டோர்ச், ஒரு பென்சில், தூசி முகமூடி.

ஸ்கிரேப்பரைத் தீட்டத் தெரியாவிட்டால் மிச்சம் எதுவும் சரிவராது. தகட்டை வைஸில் பிடித்து, அரத்தை நேர் செங்குத்தாக வைத்து விளிம்பைச் சதுரமாக்குங்கள். பிறகு எண்ணெய்க்கல்லில் விளிம்பையும் இரு முகங்களையும் தேய்த்து அரத்தின் கோடுகளைப் போக்குங்கள். எஃகுத் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, முதலில் விளிம்புக்குச் செங்குத்தாகவும் அடுத்து 5 முதல் 10 பாகை சாய்த்தும் இரண்டு மூன்று தரம் அழுத்தி இழுங்கள். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி மடியும், விரல் நுனியை முகத்திலிருந்து வெளியே இழுத்தால் அது தட்டும். சரியாகத் தீட்டிய ஸ்கிரேப்பர் மெல்லிய சுருளாக மரத்தை எடுக்கும். தூசி மட்டும் வந்தால் கொக்கி மழுங்கிவிட்டது, திரும்பத் தீட்ட வேண்டும். அழுத்தத்தைக் கூட்டி ஈடுசெய்யப் பார்த்தால் மேற்பலகையில் அலை அலையாகத் தடம் விழும்.

டேப்பைக் கழற்றுவதும் இடைவெளிகளை அடைப்பதும்

பைண்டிங்கை இறுக்கிப் பிடிக்க ஒட்டிய டேப்பை வெடுக்கென்று இழுத்தால் ஸ்புரூஸின் நார் கூடவே பிய்ந்து வரும். டேப்பைத் தன் மேலேயே படிய மடித்து, மரத்தின் வரி ஓடும் திசையில் மெதுவாக இழுங்கள். மர பைண்டிங் என்றால் ஹெயார் டிரையரால் லேசாகச் சூடுகாட்டலாம், டேப்பின் ஒட்டு இளகும். செலுலாய்டுக்கு வேண்டாம்.

இனி டோர்ச்சை விளிம்புக்குச் சமாந்தரமாகப் படுக்க வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் மட்டமாக்கும் முன்பே அடைக்க வேண்டும். மர பைண்டிங்குக்கு அதே மரத்தின் நுண்தூளைப் பசையில் குழைத்து அழுத்துங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் அதே பைண்டிங்கின் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கிடைக்கும் குழம்பு போதும், நிறமும் ஒத்துவரும். இந்தக் குழம்பு சுருங்கிக்கொண்டே காயும் என்பதால் கொஞ்சம் மேடாக வைத்து இரண்டு நாள் விடுங்கள்.

சுப்பர் குளூவால் அடைப்பவர்கள் பலர். வெறும் ஸ்புரூஸில் அது ஒரு சொட்டுப் பட்டாலும் வரிகளுக்குள் ஓடி, வார்னிஷுக்கு அடியில் கறையாக நிரந்தரமாக நிற்கும். ஆகவே அடைப்பு வேலைக்கு முன்னமே அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்துவிடுங்கள். 100 மி.லீ. ஸ்பிரிட்டுக்கு 10 கிராம் அரக்குச் செதில் போட்டு ஒரு இரவு ஊறவைத்து வடிகட்டினால் சரியான பதம். பைண்டிங்கை ஒட்டிய மேற்பலகையில் 40 மி.மீ. அகலத்துக்கு மெல்லிதாக இரண்டு கை. இந்தப் பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு: ரோஸ்வுட், கருங்காலித் தூசி வெள்ளை ஸ்புரூஸின் வரிகளில் இறங்கிக் கறுப்பாக்குவதை அது தடுக்கும். ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட் ரோஸ்வுட்டின் நிறத்தைக் கரைக்கும். ஈரமான பிரஷ்ஷை ரோஸ்வுட்டிலிருந்து ஸ்புரூஸுக்கு இழுத்தால் ஊதாக் கறை இழுபடும். எப்போதும் ஸ்புரூஸை முதலில் பூசுங்கள், தனிப் பிரஷ்ஷால்.

மேற்பலகைப் பக்கம்

பைண்டிங்கையும் அதை ஒட்டிய 10 மி.மீ. ஸ்புரூஸையும் குறுக்காகப் பென்சிலால் கோடு போடுங்கள், சுற்றிலும், விரலிடைக்கு ஒரு கோடு. எந்த இடத்தில் மரம் எடுபடுகிறது என்பதை இந்தக் கோடுகள்தான் சொல்லும்.

ஸ்கிரேப்பரின் விளிம்பில் பைண்டிங்கின் அகலத்துக்கு மட்டும் எஃகு வெளியே தெரியும்படி விட்டு, மிச்ச விளிம்பில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். டேப் சுற்றிய பகுதி மேற்பலகையில் சறுக்கிப் போகும், வெறும் எஃகு பைண்டிங்கை மட்டும் சுரண்டும். டேப்பின் தடிப்பு அளவுக்குப் பைண்டிங் மேலே நிற்கும்போது எஃகு தானாக வெட்டுவதை நிறுத்திவிடும். அங்கே டேப்பைக் கழற்றி, கடைசிச் சுருள்களைக் கவனமாக எடுக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில் ஸ்கிரேப்பரை விளிம்புக்குச் சற்றுக் கோணலாகப் பிடித்து, பைண்டிங்கிலிருந்து உள்நோக்கி முடியும் விதத்தில் இழுங்கள். பென்சில் கோடு பைண்டிங்கில் முழுதாக அழிந்து, ஸ்புரூஸில் ஓரத்தோடு மட்டும் லேசாக மங்கத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள்.

எந்தத் திசையில் இழுப்பது? மரம் சொல்லும். சுருள் வந்தால் சரியான திசை. நார் பிய்ந்து கரகரப்பாக வந்தால் உடனே எதிர்ப்பக்கமாக இழுங்கள். வளைத்து ஒட்டிய பட்டி என்பதால் ஒரே கிட்டாரில் நாலைந்து இடத்தில் திசை மாறும்.

முதிரையில் இந்தத் தொல்லை அதிகம். பழைய தளபாடத் துண்டுகளிலிருந்து எடுத்தால் பொன்மஞ்சள் நிறத்தில் அருமையான பைண்டிங் கிடைக்கும் மரம் அது. ஆனால் அதன் வரிகள் பின்னிப் பின்னி ஓடுபவை, ஒரு அங்குலத்துக்குள்ளேயே திசை மாறிவிடும். அதற்கு ஸ்கிரேப்பரை நன்றாக நிமிர்த்திப் பிடித்து, மிக மெல்லிய சுருளாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதிரைத் தூசி பலருக்குத் தோல் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் கையையும் கழுத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு, அதாவது கிரவிலியாவும், சிலருக்கு இதே மாதிரி ஒத்துக்கொள்ளாது. அதில் முதுகும் பக்கமும் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த மரத்தின் அழகே அதன் மினுங்கும் செதில் வரிகள்தான், மழுங்கிய ஸ்கிரேப்பர் அந்தச் செதில்களைப் பெயர்த்துவிடும்.

பக்கங்கள்

பக்கப் பலகை 2 மி.மீ. அளவு தடிப்புத்தான் இருக்கும். கிட்டாரில் தவறுக்கு இடமே இல்லாத பகுதி இது. மேற்பலகைப் பக்கம் செய்த அதே முறைதான்: டேப் சுற்றிய ஸ்கிரேப்பர், பிறகு வெறும் ஸ்கிரேப்பர், பென்சில் கோடு.

சில இடத்தில் பைண்டிங் வெளியே நிற்காமல் உள்ளே போயிருக்கும். பட்டிக்குப் பள்ளம் வெட்டும் இயந்திரமான ரௌட்டர் ஆழமாக வெட்டியிருக்கலாம், அல்லது அடியில் பசை சரியாகப் பிடிக்காமல் பட்டி சாய்ந்திருக்கலாம். அப்போது பக்கப் பலகையைத் தேய்த்துப் பைண்டிங்குக்கு இறக்கத் தோன்றும். 0.2 மி.மீ. வரைக்கும் அது பரவாயில்லை, அதையும் ஓரத்தில் மட்டும் இல்லாமல் அகலமாகப் பரப்பித் தேய்க்க வேண்டும். அதைத் தாண்டினால் அந்தத் துண்டைக் கழற்றி, அடியில் மெல்லிய மரச்சீவல் வைத்துத் திரும்ப ஒட்டுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மெலிந்த பக்கம் ஒரு காய்ந்த மாதத்தில் வெடித்தால் அதை மறைக்க எந்தப் பூச்சாலும் முடியாது.

இடுப்பில் தட்டையான கட்டை வைத்தால் அதன் இரு முனைகளும் குத்திக் கோடு போடும். பி.வி.சி. குழாய்த் துண்டில் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டி, அதன் மேல் சாண்ட் பேப்பரைச் சுற்றிப் பயன்படுத்துங்கள். குழாயின் வளைவு இடுப்பின் வளைவை விடச் சிறியதாக இருக்க வேண்டும், 110 மி.மீ. பெரும்பாலான கிட்டாருக்குப் பொருந்தும். மேல், கீழ் வளைவுகளில் கோர்க் கட்டையை நீளவாக்கில் ஓட்டலாம்.

பைண்டிங்கின் உயரம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வழமையான 6 மி.மீ. பட்டி ஒரு இடத்தில் 5.5, இன்னொரு இடத்தில் 6 என்றால் அரை மி.மீ. வித்தியாசமும் கண்ணில் உறுத்தும். உள்ளே கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருந்தால் இன்னும் மோசம். ஒரு இடத்தில் அதிகம் சுரண்டினால் வெளிப்பட்டி மெலிந்து, கோடுகள் விளிம்பை நோக்கி வந்ததுபோலத் தெரியும்.

இப்போது சாண்ட் பேப்பர்

விரலால் தாளைப் பிடித்துத் தேய்க்கவே கூடாது. ஸ்புரூஸின் வெளிர் வரி மிருது, கருவரி கடினம். விரல் அழுத்தம் வெளிர் வரியை மட்டும் தோண்டி, மேற்பரப்பை வரி வரியாக மேடுபள்ளமாக்கிவிடும். எப்போதும் கட்டை.

ஸ்கிரேப்பர் நல்லபடி வேலை செய்திருந்தால் 180இல் தொடங்கலாம். தடம் ஆழமாக இருந்தால் மட்டும் 150. கட்டையின் பெரும்பகுதி மேற்பலகையில் இருக்க, அதன் ஓரம் மட்டும் பைண்டிங்கின் மேல் வரட்டும். கட்டை வெளியே தொங்கினால் சரிந்து விளிம்பு உருண்டுவிடும். ஏழெட்டு இழுவைக்கு ஒருமுறை தாளைத் தட்டித் தூசியை உதிருங்கள். கடின மரத்தூசி உருண்டு தாளில் ஒட்டிக்கொண்டால் அந்த ஒரு உருண்டையே நீளமான கீறல் போடும். 180இன் கோடுகள் முழுதாகப் போன பிறகே 220. அவசரப்பட்டுத் தாவினால் பழைய கோடு வார்னிஷின் கீழ் திரும்பத் தெரியும்.

கீழ் வளைவின் அடிப்பக்கம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். அங்கே பைண்டிங் ஓடும் திசையும் மேற்பலகையின் வரி ஓடும் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்கே. பைண்டிங்கை நீளவாக்கில் தேய்த்தால் ஸ்புரூஸில் குறுக்குக் கோடு விழும். ஆகவே முதலில் 220 வரை எல்லாவற்றையும் மேற்பலகையின் வரியோடு தேய்த்து முடியுங்கள். பிறகு ஸ்புரூஸின் மேல் டேப் ஒட்டி மூடிவிட்டு, பைண்டிங்கை மட்டும் அதன் நீளவாக்கில் 320ஆல் நாலைந்து இழுவை இழுங்கள். கழுத்துப் பக்கமும் இதே முறைதான்.

பிளாஸ்டிக் பைண்டிங்குக்கு 320 முடிந்து 400. இயந்திரத் தேய்ப்பான் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகித் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளைப் பைண்டிங் அழுக்குச் சாம்பலாகிப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இது. துடைக்க அசிட்டோனோ தின்னரோ தொடாதீர்கள், இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். காய்ந்த பிரஷ்ஷும் வேக்குவமும் போதும். செலுலாய்டுத் தூசியைக் குவிய விடாதீர்கள், அந்த அறையில் சிகரெட், மெழுகுவர்த்தி, ஹீட்டர் எதுவும் கூடாது.

விளிம்பை உடைத்தல்

கூர்மையான விளிம்பில் வார்னிஷ் நிற்காது, இரு பக்கமும் வழிந்து விளிம்பில் மெலிந்துவிடும். பிறகு மினுக்கும்போது அங்கேதான் முதலில் மரம் தெரியும். 220 தாள் சுற்றிய கட்டையை 45 பாகையில் பிடித்து, சுற்றிலும் ஒரே அழுத்தத்தில் மூன்று இழுவை. அதன் இரு பக்கத்து முனைகளையும் ஒவ்வொரு இழுவையால் மழுக்கி, கடைசியில் 320ஆல் உருட்டுங்கள். 1 முதல் 1.5 மி.மீ. ஆரம் போதுமானது. இழுவையை எண்ணிச் செய்வது முக்கியம், கண்மதிப்பில் செய்தால் வலது கைக்கு வசதியான பக்கம் எப்போதும் அதிகம் தேயும்.

கடைசிச் சோதனை

அறை விளக்கை அணைத்து டோர்ச்சைப் படுக்க வைத்துச் சுற்றிவர ஒளியை ஓட்டுங்கள். ஓரத்தில் நிழற்கோடு விழுந்தால் படி இன்னும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தைப் பைண்டிங்கிலிருந்து மேற்பலகைக்கும், அங்கிருந்து திரும்பவும் இழுங்கள். கண் தவறவிடும் 0.05 மி.மீ. மேட்டை நகம் பிடிக்கும். ஒரு சிறு எஃகு ஸ்கேலை விளிம்புக்குக் குறுக்கே வைத்து, அதன் பின்னால் ஒளியைப் பிடித்தால் ஸ்புரூஸில் பள்ளம் இருக்கிறதா என்று தெரியும். பள்ளம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஆழப்படுத்தாமல், நீளமான கட்டையால் மேற்பலகையின் உட்பக்கம் வரை பரப்பித் தேயுங்கள், அதுவும் பலகையின் தடிப்பு இடங்கொடுக்கும் அளவுக்கு மட்டும்.

தேய்த்து முடித்த மரத்தை மூடுபனி உள்ள இரவில் அப்படியே விட்டுவைக்காதீர்கள். ஈரத்தில் நார் எழும்பி, காலையில் கை வைத்தால் சொரசொரக்கும், 320ஐத் திரும்ப எடுக்க வேண்டிவரும். காலையில் தேய்க்கத் தொடங்கி, பின்னேரம் பனி இறங்கும் முன் முதல் சீலர் கோட் (மரத்தை அடைக்கும் அடிப்பூச்சு) போட்டுவிடுவது நல்லது. அரக்கோ லெக்கரோ, ஈரப்பதம் 70 வீதத்தைத் தாண்டிய அறையில் அடித்தால் பூச்சு பால் மாதிரி வெளுக்கும். அப்படிப்பட்ட நாளில் கிட்டாரை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுத்த நாளைப் பாருங்கள்.

மேற்பலகைக்கு நிறம் ஏற்றுபவர்களுக்குப் பைண்டிங்கிலும் நிறம் படிந்திருக்கும். நிறத்தின் மேல் ஒரு தெளிவான கோட் காய்ந்த பிறகு சவர அலகு ஒன்றில் அதே டேப் முறையைப் போட்டு, பைண்டிங்கில் இருக்கும் நிறத்தை மட்டும் ஒன்றிரண்டு இழுவையில் சுரண்டி எடுங்கள். அலகைச் செங்குத்தாகப் பிடியுங்கள், சாய்த்தால் பைண்டிங்குக்குள் இறங்கிவிடும். பிறகு மிச்சத் தெளிவுக் கோட்டுகள் முழு உடலுக்கும் போகும்.